வாங்குமுன் ஒரு வார்த்தை: மைட்டர் ரம்பம்



இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை கிரைண்டர், மிக்ஸி, பிரிட்ஜ் பற்றியவைதான். இந்தத் தடவை வந்த ஒரு கடிதம் என்னைக் கொஞ்சம் திகைக்க வைத்தது. எழுதியவர் ஓர் இளம் தாய்.

"என் வீட்டுக்காரருக்கு மர வேலையில் ரொம்ப ஆசை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரம்பமும் உளியுமாக மொட்டை மாடிக்குப் போய்விடுவார். இப்போது ஸ்லைடிங் காம்பவுண்ட் மைட்டர் சா என்று ஏதோ ஒரு மெஷின் வாங்கப் போகிறேன் என்கிறார். படத்தில் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். பணமும் கொஞ்சநஞ்சம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா அக்கா?"

சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சரி என்றும் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஓர் இஞ்ச் டேப்பை எடுத்துக் கொண்டு அவரிடம் போய், "நீங்க வெட்டப் போற பலகையிலே ரொம்ப அகலமானது எது? காட்டுங்க" என்று கேளுங்கள். இந்த மெஷினைப் பொறுத்தவரை பாதி விஷயம் அந்த ஒரு அளவில்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

சுவரில் மாட்டியிருக்கும் போட்டோ பிரேமின் மூலையைப் பாருங்கள். இரண்டு சட்டங்களும் சாய்வாக வெட்டப்பட்டு, 45 டிகிரியில் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. அந்தச் சாய்வெட்டுக்குத்தான் மைட்டர் என்று பெயர். கையால் வெட்டுகிறவர்கள் இதற்கென்று மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சின்னத் தொட்டி வைத்திருப்பார்கள். அதில் சரியான கோணத்தில் பிளவு இருக்கும். அந்தப் பிளவுக்குள் ரம்பத்தை விட்டு இழுத்தால் கோணம் தப்பாது. மைட்டர் மெஷின் செய்வதும் இதே வேலைதான். சிறிய மேசை, அதன் பின்னால் மரத்தைச் சாய்த்து வைக்க ஒரு தடுப்பு, மேலே கீல் வைத்த கையில் மோட்டாரும் வட்ட பிளேடும். அடிபம்பின் கைப்பிடியை அழுத்துவதுபோல் கீழே இறக்கினால் மரம் துண்டாகிறது. மேசையை இடது வலதாகத் திருப்பலாம், அது மைட்டர். பிளேடு இருக்கும் தலையையே பக்கவாட்டில் சாய்க்கவும் முடிந்தால் அது காம்பவுண்ட். அந்தத் தலை இரண்டு குழாய்களின் மேல் முன்னும் பின்னும் ஓடினால் அது ஸ்லைடிங். இவ்வளவுதான், பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை.

இதில் விலையை ஏற்றுவது அந்த ஓடும் குழாய்கள்தான். ஓடாத மெஷினில் 10 அங்குல பிளேடு போட்டால் நேராக வெட்டும்போது ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலம் வரை வெட்டும். 45 டிகிரியில் நாலு அங்குலம்தான். 12 அங்குல பிளேடு போட்டால் ஏறக்குறைய எட்டு அங்குலம். அதே மெஷினுக்குக் குழாய் வைத்துவிட்டால், எட்டரை அங்குல பிளேடுகூட ஒரு அடி அகலப் பலகையை ஒரே இழுப்பில் துண்டு போட்டுவிடும். ஆகையால் படச்சட்டம், கொசுவலைச் சட்டம், ஜன்னல் பட்டை, நாலுக்கு மூன்று நிலைச்சட்டம் இவைதான் வேலை என்றால் ஸ்லைடிங் அவசியமே இல்லை. புத்தக அலமாரி, பூஜை அலமாரித் தட்டு, சாப்பாட்டு மணை என்றால் பத்துப் பன்னிரண்டு அங்குல அகலம் வரும். அப்போது ஸ்லைடிங் வேண்டும். ஊஞ்சல் பலகை எந்த மெஷினுக்கும் எட்டாது. ஒரு பக்கம் வெட்டி, திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டலாம்; ஆனால் கோடு சேர்வதற்கு நல்ல கை வேண்டும்.

என் தம்பி செய்த காரியத்தைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் விளங்கும். அவன் கடைக்குப் போனபோது கடைக்காரர், "பெரிசா வாங்கிட்டா கவலையே இல்லே சார், இதிலே எல்லாம் வெட்டலாம்" என்று சொல்லி 12 அங்குல பிளேடு போட்ட ஸ்லைடிங் மெஷினைத் தலையில் கட்டிவிட்டார். 'எல்லாம்' என்றால் என்னென்ன என்று இவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் எட்டடி பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்கப் பார்த்தான். முடியுமா? மைட்டர் ரம்பம் மரத்தைக் குறுக்கே துண்டு போடத்தான். நீளவாக்கில் அறுக்க அதை உபயோகிக்கவே கூடாது, ஆபத்து. பிளைவுட் ஷீட்டை அளவாக அறுக்க வேண்டுமானால், வாங்குகிற கடையிலேயே அறுத்துத் தருகிறார்களா என்று கேட்டுக் கொள்வது சுலபம்.

அவனுக்கு அடுத்த தொல்லை இடத்தில் வந்தது. குழாய்கள் பின்பக்கம் நீட்டிக் கொண்டு நிற்கும் மாடல் அது. தலையைப் பின்னால் தள்ளினால் சுவரில் இடிக்கும். வராந்தாவில் மேசையைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அங்கே ஆள் நடக்க வழி இல்லை. ஒரு மூட்டை அரிசியைவிடக் கனமான சாமானை ஒவ்வொரு ஞாயிறும் யார் தூக்கி வைப்பது? ஆறு மாதம் போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். அதன் மேல் என் தம்பி மனைவி வடாம் தட்டு காய வைத்திருந்தாள்! கடைசியில் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு எட்டரை அங்குல ஸ்லைடிங் ஒன்று வாங்கினான். இதைத்தான் இன்றைக்கும் உபயோகிக்கிறான். நானும் படச்சட்டம் வெட்டப் பழகியது இதில்தான்.

ஆகவே வீட்டுக்கு ஸ்லைடிங் வேண்டும் என்று முடிவானால் எட்டரை அங்குலம், சிலதில் 216 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும், அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். ஏறக்குறைய இரண்டரை அங்குல கனம் வரை வெட்டும். கனமான நிலைச்சட்டம் வெட்டுகிறவர்களுக்கு மட்டும் 10 அங்குலம். குழாய்கள் பின்னால் நீட்டாமல் ஒரே இடத்தில் நிலையாக இருந்து, தலை மட்டும் அவற்றின் மேல் ஓடுகிற மாடல்களும் உண்டு. குழாய்க்குப் பதிலாக மடங்கும் கை வைத்த மாடல்களும் உண்டு. சுவர் ஓரமாக வைக்க இவை சௌகரியம். கடையிலேயே தலையைக் கடைசி வரை பின்னால் தள்ளச் சொல்லி, முன்னிருந்து பின் வரை எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்து கொண்டு வாருங்கள்.

மேசையின் டிகிரித் தட்டில் 31.6 என்று ஒரு விசித்திரமான குறி இருப்பதைப் பார்த்து என் தம்பி மனைவி, "இது என்ன அண்ணி, அச்சுப் பிழையா?" என்று கேட்டாள். பிழையில்லை. அமெரிக்காவில் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓர் அலங்கார மரப்பட்டை ஒட்டுவார்கள். அதன் மூலையை வெட்ட மேசையை 31.6 டிகிரி திருப்பி, தலையை 33.9 டிகிரி சாய்க்க வேண்டும். நம் வீட்டில் அதற்கு வேலை குறைவு. தலையைச் சாய்க்கிற வசதி நமக்குப் பயன்படுவது, பக்கங்கள் சாய்ந்த தட்டு, பூந்தொட்டிப் பெட்டி மாதிரி சாமான்களுக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் சாய்கிற தலை போதும். இரண்டு பக்கமும் சாய்வதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

பணத்தை எதற்குக் கொடுக்க வேண்டும் என்றால், பிரேக்குக்கு. 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 5000 சுற்று சுற்றினால், அதன் பல் நுனி மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஸ்விட்சை விட்ட பிறகும் பிரேக் இல்லாத மெஷினில் பிளேடு தன்பாட்டுக்குச் சுற்றிக் கொண்டே இருக்கும். சத்தம் அடங்கிவிட்டதே என்று துண்டை எடுக்கக் கையை நீட்டுகிற அந்த நேரம்தான் பொல்லாத நேரம். எலெக்ட்ரிக் பிரேக் உள்ள மெஷினில் சில விநாடிகளில் நின்றுவிடும். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஸ்விட்சை விட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்து எண்ணியும் சுற்றுகிறதா, அந்த மெஷின் வேண்டாம்.

அப்படியே பிளேடின் மூடியையும் பாருங்கள். தலையை இறக்கும்போது தானாக விலகி, தூக்கியதும் தானாக வந்து மூடிக் கொள்ள வேண்டும். "மறைக்குது" என்று சிலர் இதைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கம்பியைப் பார்த்தால் அன்றைக்குச் சமையலை நிறுத்திவிடுங்கள்! ஸ்விட்சும் விரல் பட்டதும் ஓடக் கூடாது. கட்டை விரலால் ஒரு பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும். பல மெஷின்களில் ஸ்விட்சிலேயே சின்னப் பூட்டுப் போட ஒரு துவாரம் இருக்கிறது. இரண்டு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் அந்தத் துவாரம். பூட்டு கூடவே வராது, தனியாக வாங்க வேண்டும்.

கோணம் சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நேரான விளிம்புள்ள ஐந்தாறு அங்குலப் பலகை ஒன்றைக் கொடுத்து, 90 டிகிரியில் இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டை மட்டும் அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டி, வெட்டிய முனைகள் இரண்டும் ஒட்டும்படி தடுப்போடு சேர்த்து வையுங்கள். நடுவில் இடைவெளி தெரியாவிட்டால் கோணம் சரி. தெரிந்தால், அது நிஜத் தப்பைப் போல இரண்டு மடங்காகத் தெரியும். சின்னத் தப்புதானே என்று விடக் கூடாது. ஒரு படச்சட்டத்தில் எட்டு வெட்டு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி தப்பினால் கடைசி மூலையில் நாலு டிகிரி வாய் பிளக்கும். அரிசி மாவும் பசையும் குழைத்து அடைத்தாலும் மறையாது. திருத்தித் தருகிறார்களா என்று கேளுங்கள்; தடுப்பைத் தளர்த்திச் சரி செய்ய முடியும். ஆனால் தலையை முழுக்க முன்னால் இழுத்து லேசாக ஆட்டிப் பார்க்கும்போது லொடலொடவென்று ஆடினால் அதைத் திருத்த முடியாது, விட்டுவிடுங்கள்.

வெட்டும் கோட்டைக் காட்ட லேசர் விளக்கு ஒன்று இருக்கும். கொஞ்ச நாளில் இடம் பிசகிவிடும், மறுபடி சரி செய்ய வேண்டும். அதைவிட, பிளேடின் நிழலையே மரத்தில் விழ வைக்கும் எல்.இ.டி. விளக்கு நல்லது. நிழல் பொய் சொல்லாது.

மோட்டார் நம் மிக்ஸியில் இருப்பதன் பெரிய அண்ணன். அதே மாதிரி உள்ளே கார்பன் பிரஷ் தேயும். மாற்று பிரஷ் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுக் கொள்ளுங்கள். 1600 வாட்ஸ் என்றால் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போடும் சின்ன பிளக் இதற்குத் தாங்காது. கீசர், ஏ.சி.க்குப் போடுகிற 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். மாடிக்கு ஒயர் இழுத்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருக்கட்டும். மெல்லிய ஒயர் சூடாகும், மோட்டாரும் திணறும்.

பிளேடு விஷயத்தில் ஒரு சூட்சுமம். மெஷினோடு வருகிற பிளேடில் பல்லின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் வெட்டு சொரசொரவென்று வரும். படச்சட்டத்துக்கு 60 அல்லது 80 பல் வேண்டும். பல்லின் சாய்வும் முக்கியம். முன்பக்கம் கொக்கி மாதிரி வளைந்த பல் மரத்தைத் தானே கவ்வி இழுக்கும். ஸ்லைடிங் மெஷினுக்கு அது ஆகாது. பல் நேராகவோ சற்றுப் பின்சாய்வாகவோ இருக்கிற பிளேடாகக் கேட்டு வாங்குங்கள். இரும்புக் குழாயை இதில் வெட்டவே கூடாது.

இனி உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். கை விரல் ஆபத்து எல்லோருக்கும் தெரிகிறது. மரத்தூள் ஆபத்து தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மூக்கிலும் மூக்கை ஒட்டிய அறைகளிலும் வருகிற புற்று அது. வருஷக்கணக்காக மரத் தொழிலில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை ஆசாரிகளைப் பார்த்து இல்லை. ஆனாலும் இழுப்பு உள்ள குழந்தைக்கு ஒரு நாள் தூளே போதும், ராத்திரி முழுக்க இருமும். தேக்கு, ஈட்டித் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். எம்.டி.எஃப். பலகையில் மரத்தூளோடு பார்மால்டிஹைடு கலந்த பசையும் இருக்கிறது. அதன் தூள் மாவு போல் மெல்லியது, காற்றில் வெகுநேரம் மிதக்கும்.

மைட்டர் மெஷினோடு ஒரு துணிப்பை வரும். அது தூளில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும், மீதி அறை முழுக்கப் பறக்கும். பையைக் கழற்றிவிட்டு வாக்குவம் கிளீனர் குழாயை மாட்டினால் தேவலை. எதுவானாலும் வீட்டுக்குள் வேண்டாம். மாடி, கொல்லை, கதவைத் திறந்து வைத்த கார் ஷெட். வெட்டுகிறவருக்கு என்-95 முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். முடிந்ததும் விளக்குமாறு போட்டு வீசிப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். அவர் அந்தச் சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்க வேண்டாம். சட்டையை மாற்றி, முகம் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். இன்னொன்று, மீந்த பிளைவுட், எம்.டி.எஃப். துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பசை எரியும் புகை அது. வெறும் மரத் துண்டை மட்டும் போடுங்கள்.

சத்தமும் லேசுப்பட்டதல்ல. இந்த மெஷின் மரத்தில் இறங்கும்போது 100 டெசிபலைத் தொடும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபலில் 15 நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்குச் சொல்கிறது. வெட்டுகிறவர் காதுக்கு அடைப்பு வேண்டும். குழந்தையின் மத்தியானத் தூக்க நேரத்தில் இதை ஓட்டக் கூடாது என்பதற்கு நியோஷ் சொல்ல வேண்டியதில்லை.

நீங்களே வெட்ட ஆசைப்பட்டால், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினால் மட்டும் போதாது. அன்றைக்குப் புடைவையே வேண்டாம், கைகள் இறுக்கமான சட்டை போடுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, வளையலைக் கழற்றி, சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக் கொள்ளுங்கள். கையுறையும் கூடாது, பிளேடு அதைப் பிடித்தால் கையோடு இழுக்கும். மரத்தைத் தடுப்போடு அழுத்தி, கை பிளேடிலிருந்து ஆறு அங்குலம் தள்ளியே இருக்கட்டும். சின்னத் துண்டானால் கிளாம்ப் போடுங்கள். ஸ்லைடிங் மெஷினில் தலையை முதலில் முன்னால் இழுத்து, ஸ்விட்சைப் போட்டு, கீழே இறக்கி, பிறகு பின்னால் தள்ளிக் கொண்டே வெட்ட வேண்டும். தன்னை நோக்கி இழுத்து வெட்டினால் பிளேடு மரத்தின் மேல் ஏறி ஓடி வந்துவிடும். பிளேடு முழுக்க நின்ற பிறகே தலையைத் தூக்க வேண்டும்.

ஆகாத வேளையில் விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கூடவே எடுத்துப் போங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டவே வேண்டாம்.

கடிதம் எழுதிய தங்கைக்கு: அவர் என்ன செய்யப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. படச்சட்டம்தான் என்றால், கையால் வெட்டும் தொட்டியும் ரம்பமும் வாங்கிக் கொடுத்து ஒரு வருஷம் பழகச் சொல்லுங்கள். புத்தக அலமாரி என்றால் எட்டரை அங்குல ஸ்லைடிங், பிரேக்கும் பூட்டுத் துவாரமும் பார்த்து. மேசையில் போல்ட் போட்டு முறுக்கி வைக்க வேண்டும். தலையை முன்னால் இழுத்தால் மெஷினே கவிழப் பார்க்கும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பூட்டுப் போட்டு, சாவியை உங்களிடம் கொடுக்கட்டும். அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக் கொள்ளுங்கள். முதல் மணைக்குப் பலகையை நீங்கள் வெட்டுவதானால், பையனை அன்றைக்கு அவர் கீழே வைத்துக் கொள்ளட்டும்.